சிறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவர்கள்



சென்ற வாரம் போட்ட பதிவின் கீழே நம் பழைய மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். இப்போது ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். "சார், கொலை செய்துவிட்டுத் தூக்குக்குக் காத்திருப்பவனை ஜெயிலுக்குள் போய்ப் பேட்டி எடுத்துப் போடுவது நியாயமா? செத்தவர் வீட்டுக்காரர்கள் அதைப் படித்தால் அவர்கள் வயிறு எப்படி எரியும்?" இதுதான் கேள்வி. பின்னூட்டத்திலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போயிற்று. சரி, தனிப் பதிவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையில் காப்பியோ மோரோ வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கேள்வியை 1981-லேயே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு பெண் நிருபர் இருக்கிறார். ஆனால் கதை அவருக்கு இரண்டு வருடம் முன்னால், பீகார் சிறைகளில் ஆரம்பிக்கிறது. ஆரம்பித்து வைத்தவர் பத்திரிகைக்காரர்கூட இல்லை, ஒரு போலீஸ்காரர்!

கே.எஃப். ருஸ்தம்ஜி என்று பெயர். நேருவின் பாதுகாப்புப் பொறுப்பில் பல வருடம் இருந்தவர். எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர். ஜனதா ஆட்சியில் தேசிய போலீஸ் கமிஷன் அமைத்தார்களே, அதில் உறுப்பினர். அந்த வேலையாகப் பீகாருக்குப் போனவர் சிறைகளைச் சுற்றிப் பார்த்தார். பார்த்ததை அறிக்கைக்குள் புதைத்துவிடாமல் பத்திரிகைக்கு எழுதினார். 1979 ஜனவரி 8, 9 தேதிகளில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் அவை வந்தன.

அதில் இருந்தது இதுதான். விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள், வருடக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள். அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம் நிரூபணமானால்கூட இரண்டு வருடமோ மூன்று வருடமோதான் தண்டனை. ஆனால் ஐந்து, ஏழு, ஒன்பது வருடம் என்று போய்விட்டது. ஜாமீன் கொடுத்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும், சொத்து காட்ட வேண்டும். எதுவும் இல்லாதவன் என்ன செய்வான்? உள்ளேயே கிடப்பான். இன்னொரு கொடுமை, சில பெண்கள் எந்தக் குற்றமும் சாட்டப்படாமலே சிறையில் இருந்தார்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது சாட்சிகள். 'பாதுகாப்புக் காவல்' என்று அதற்குப் பெயர்.

கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் இந்தக் கட்டுரைகளைப் படித்தார். அந்தக் காலத்து விதிப்படி ஆட்கொணர்வு மனுவைக் கைதியோ கைதியின் உறவினரோதான் போட முடியும். இந்த அம்மாளுக்குக் கைதிகள் யாரையும் தெரியாது, யாரும் வக்காலத்து கொடுக்கவில்லை. கையில் இருந்தது பத்திரிகைச் செய்தி மட்டும். அதை வைத்தே மனுப் போட்டார். கைதிகளின் பட்டியலில் இருந்த ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரில் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் ஏறியது. நீதிபதி பி.என். பகவதி 1979 பிப்ரவரி 12-ல் முதல் உத்தரவு போட்டார். ஜாமீன்தாரர் இல்லாவிட்டாலும் சொந்தப் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள் என்றார். மார்ச் மாத உத்தரவில், விரைவான விசாரணையும், வசதியில்லாதவனுக்கு அரசுச் செலவில் வக்கீலும் 21-வது பிரிவுக்குள் அடங்கிய உரிமைகள் என்றார். இந்த வழக்கின் தொடர்ச்சியாக நாற்பதாயிரம் பேர் வரை வெளியே வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பொதுநல வழக்கு என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பிள்ளையார் சுழி இங்கேதான்.

21-வது பிரிவு என்றதும் உங்களில் பலருக்குக் குடிமையியல் பாடம் ஞாபகம் வரும். ஒரு மதிப்பெண் வினா. 'உயிர் வாழ்தலும் தனிமனித சுதந்திரமும்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். அந்த ஒரு வரிக்கு உயிர் கொடுத்தது 1978-ல் வந்த மேனகா காந்தி வழக்கு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிய வழக்கு. அப்போது அவர் 'சூர்யா' என்ற பத்திரிகையின் ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. சட்டப்படி செய்தேன் என்று அரசு சொன்னால் மட்டும் போதாது, அந்தச் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது அதில்தான். பகவதி நின்றது அந்தத் திண்ணையில்.

இனி டெல்லிக்கு வருவோம்.

1978 ஆகஸ்ட் 26. கடற்படை அதிகாரி ஒருவரின் பிள்ளைகள் கீதா சோப்ரா, சஞ்சய் சோப்ரா. அக்காவுக்கு 16, தம்பிக்கு 14. அகில இந்திய வானொலியில் இளைஞர் நிகழ்ச்சி ஒன்றுக்காகக் கிளம்பியவர்கள் வழியில் ஒரு காரில் ஏற்றப்பட்டுக் கடத்தப்பட்டார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கடைசிவரை போராடியிருக்கிறார்கள். பின்னர் இருவருக்கும் கீர்த்தி சக்ரா விருது கொடுக்கப்பட்டது. வீரச் செயல் புரிந்த சிறுவர் சிறுமியருக்குக் கொடுக்கும் விருதுகளில் சஞ்சய் பெயரிலும் கீதா பெயரிலும் விருதுகள் ஏற்படுத்தப்பட்டன. நாடே கொதித்த வழக்கு. குற்றவாளிகள் பில்லா, ரங்கா. ரயிலில் ராணுவ வீரர்கள் இருந்த பெட்டியில் ஏறிவிட்டார்கள். பத்திரிகையில் வந்திருந்த படத்தை வைத்து அடையாளம் கண்டு பிடித்தது ஒரு ராணுவ வீரர். பத்திரிகை அங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

இருவருக்கும் தூக்கு. மேல்முறையீடுகள் முடிந்தன, கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் தலைமை நிருபர் பிரபா தத் இருவரையும் திகார் சிறையில் பேட்டி எடுக்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

பிரபா தத் யார் தெரியுமா? 1965 போரின்போது போர்முனைக்கு அனுப்பக் கேட்டார், பெண் என்பதால் அலுவலகம் அனுப்பவில்லை, தானே கிளம்பிப் போய் அங்கிருந்து செய்தி அனுப்பினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்களே பர்க்கா தத், அவருடைய தாயார். 1984-ல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

வழக்கு தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வுக்கு வந்தது. 1981 நவம்பரில் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பலர் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

பத்திரிகைக்காரர் என்பதாலேயே சிறைக்குள் போய் யாரையும் பார்க்கும் உரிமை கிடையாது என்றுதான் நீதிமன்றம் முதலில் சொன்னது. ஒருவர் பேச விரும்பாவிட்டால் அவரைப் பேசவைக்கவும் முடியாது. எனவே முதல் நிபந்தனை, கைதி சம்மதிக்க வேண்டும். தூக்குக் கைதியை உறவினர், நண்பர், வக்கீல் பார்க்கலாம் என்று சிறை விதி சொல்கிறது. பத்திரிகையாளர் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லை என்பதற்காகவே விரட்டிவிடலாமா என்று கேட்டு, கூடாது என்றது நீதிமன்றம். கைதிக்குச் சம்மதம் என்றால், மறுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எழுத்தில் காரணம் என்பதை லேசாக நினைக்காதீர்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயால் "முடியாது" என்று சொல்வது சுலபம். ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் பேனா தயங்கும். அந்தத் தயக்கத்தை நீதிமன்றம் சட்டமாக்கியது. பேட்டிக்கு அனுமதி கிடைத்தது. 1982 ஜனவரி 31 அன்று பில்லாவும் ரங்காவும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இப்போது மாணவியின் கேள்வி. சோப்ரா தம்பதியர் அந்தப் பேட்டிகளைப் படித்தால் என்ன நினைத்திருப்பார்கள்? எனக்கு இதற்கு ஆறுதலான பதில் இல்லை. வயிறு எரிந்திருக்கும். அதைக் குறைசொல்ல யாருக்கும் அருகதை இல்லை. நான் சொல்வது வேறு. ஒரு மனிதனைக் கொல்லும் வேலையை அரசு நம் எல்லோர் பெயரிலும் செய்கிறது. கல்வெட்டில் 'ராஜா உத்தரவு' என்று இருந்தால் ராஜா பொறுப்பு. குடியரசில் அப்படி இல்லை. யாரை, எதற்காக, எந்த நிலையில் கொன்றோம் என்பதை நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. பேட்டி என்பது கொலைகாரனுக்குப் போடும் மாலை இல்லை. போட்டால் அந்த நிருபரைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பல பேட்டிகள் அப்படித்தான் வருகின்றன என்பதும் உண்மை.

பத்திரிகையின் மறுபக்கமும் இருக்கிறது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு, குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவன் திருந்த வழியுண்டா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் பகவதி மட்டும் தூக்கே கூடாது என்று மாறுபட்டார். மூன்றே வருடத்தில் மச்சி சிங் வழக்கு வந்தது. அதில் சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ந்துபோகும் அளவுக்குக் குற்றம் இருந்தால் தூக்கு கொடுக்கலாம் என்று ஓர் அளவுகோல் நுழைந்தது. சமூகத்தின் மனசாட்சி என்ன சொல்கிறது என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? காலையில் வாசலில் விழும் பேப்பரில்தான். 'தூக்கில் போடு' என்று தலைப்புப் போட்டுத் தினமும் எழுதினால், அந்தத் தலைப்பே மனசாட்சி ஆகிவிடும். 2009-ல் சந்தோஷ் பரியார் வழக்கில் நீதிபதி எஸ்.பி. சின்ஹா இதைப் பிடித்துக்கொண்டார். தண்டனையைத் தீர்மானிப்பதில் பொதுமக்கள் கருத்தை உள்ளே விடக்கூடாது என்று எச்சரித்தார். ஆனாலும் அந்த 'கூட்டு மனசாட்சி' தீர்ப்புகளில் இன்னும் உலாவிக்கொண்டுதான் இருக்கிறது.

ஷீலா பார்சே என்ற மும்பைப் பத்திரிகையாளரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 1982 மே மாதம் பம்பாய் மத்திய சிறையில் 15 பெண் கைதிகளிடம் பேசினார். போலீஸ் லாக்கப்பில் அடித்தார்கள் என்று ஐந்து பேர் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் பலனாகத்தான் 1983-ல் பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் காவல், பெண் அதிகாரி முன்னிலையில்தான் விசாரணை என்ற உத்தரவுகள் வந்தன. பிறகு அவர் டேப் ரெக்கார்டர் கொண்டுபோனதும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அது ஒரு தனி வழக்காகி 1987 வரை போனது. கேட்பதை எழுதிக்கொண்டால் பிரச்சினை இல்லை, கைதியின் குரலே பதிவாகிவிட்டால்தான் பிரச்சினை!

நம் ஊருக்கு வருவோம். வைத்தீஸ்வரன் வழக்கு என்று ஒன்று. செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த கைதி. எட்டு வருடம் தனிமைக் கொட்டடியில் தூக்கை எதிர்பார்த்துக் கிடந்தார். 1983 பிப்ரவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, இப்படி வருடக்கணக்கில் தினம் தினம் சாகவைத்ததே ஒரு தண்டனை என்று கருதித் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமானால் தூக்கு கூடாது என்று அவர் போட்ட கணக்கை அடுத்த மாதமே இன்னோர் அமர்வு ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் விதை விழுந்துவிட்டது. 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் பதினைந்து பேரின் தூக்கு குறைந்ததும், அடுத்த மாதம் ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்கு ஆயுளானதும் பெரும்பாலும் கருணை மனு மேல் வருடக்கணக்கில் உட்கார்ந்த தாமதத்தால்தான். பின்னதைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கனவே போதுமான அளவு சண்டை போட்டிருக்கிறோம். சித்தப்பாவும் மச்சானும் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டோ சங்கர் பெயரைக் கேட்காத நாற்பது வயதுக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கௌரிசங்கர் என்பது இயற்பெயர். திருவான்மியூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டியவர், சாராயம், விபசாரம் என்று வளர்ந்து, ஆறு கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர். 1991 மே மாதம் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது, அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

கருணை மனு நிலுவையில் இருந்த நேரம் 'நக்கீரன்' பத்திரிகை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடியே எழுதிய சுயசரிதையைத் தொடராக வெளியிடப் போகிறோம். முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார், மனைவியிடம் கொடுத்திருக்கிறார், வக்கீல் மூலம் எங்களிடம் வந்திருக்கிறது. அதில் அவரோடு தொடர்பு வைத்திருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பற்றியும் வருகிறது. இதுதான் பத்திரிகைத் தரப்பு சொன்னது.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 1994 ஜூன் 15 தேதியிட்டு சிறைத்துறைத் தலைமை அதிகாரியிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதுவும் எழுதவே இல்லை, இது பொய், சிறை விதிக்கு விரோதம், வெளியிட்டால் சட்டப்படி நடவடிக்கை. ஆசிரியர் ஆர்.ஆர். கோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோபாலின் முழுப்பெயர் ராஜகோபால். அதனால் 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு'. இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லும். ஆனால் இது ஆட்டோ சங்கர் வழக்கு என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மருமகனின் தங்கை சட்டம் படித்தவள். அவளுக்கே நான் சொல்லித்தான் தெரியும்.

1994 அக்டோபர் 7-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் நான் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. சங்கர் உண்மையில் எழுதினாரா இல்லையா? பத்திரிகை ஆம் என்கிறது, சிறை அதிகாரி இல்லை என்கிறார். சங்கரோ அவர் மனைவியோ வழக்கில் கட்சிக்காரர்களாகச் சேர்க்கப்படவில்லை. அதனால் நீதிபதி அதைத் தீர்மானிக்கப் போகவே இல்லை. அவர் எழுதவில்லை, அனுமதியும் தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார். கணக்கு வாத்தியார் மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டு நிரூபிப்பது போல.

தூக்குக் கைதிக்கும் அந்தரங்கம் என்று ஒன்று உண்டு. அவன் அனுமதி இல்லாமல் அவன் வாழ்க்கையைத் தோண்டிப் போட முடியாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயர் போன்றவை மட்டும் விலக்கு. அதிகாரிகள் தங்கள் அரசுக் கடமை தொடர்பான செயல்களுக்கு அந்தரங்கம் என்று திரை போட முடியாது. எழுதியது பொய் என்றும், உண்மையா என்று விசாரிக்காமல் அலட்சியமாக எழுதப்பட்டது என்றும் காட்டினால் வழக்குப் போடலாம், அதுவும் வெளிவந்த பிறகு. வெளிவருவதற்கு முன்னாலேயே 'அச்சடிக்காதே' என்று சொல்ல அரசுக்கோ அதிகாரிக்கோ சட்டத்தில் இடமே இல்லை.

பத்திரிகைக்கு விற்பனை நோக்கம் இருந்திருக்காதா என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். பத்திரிகை என்ன தர்மசத்திரமா? ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் தனியாக அத்தனை வருடம் அத்தனையும் செய்திருக்க முடியுமா, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் அவனோடு சேர்ந்து கயிற்றில் போய்விடும். தூக்குத் தண்டனையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டில் கடைசியாக நிறைவேற்றப்பட்ட தூக்கு அது. தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே ஏழு மாதம்கூட இல்லை.

2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உங்கள் ஆதார் வழக்கில் வந்த கேள்விதான். அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்புகளில் ஆட்டோ சங்கர் வழக்கும் ஒன்று.

"தப்பு செய்தவனுக்காக ஏன் சார் இவ்வளவு வரிந்துகட்டுகிறீர்கள்" என்று சிலர் நினைப்பீர்கள். தப்பே செய்யாதவர் கதை ஒன்று சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர், 2003-ல் நடந்த கொலை வழக்கு. உயர் நீதிமன்றம் ஆறில் மூவருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் மறுபடி வழக்கைப் பார்த்து ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு வருடம் உள்ளே. ஒருவர் சம்பவத்தின்போது மைனர். நடுவில் யாராவது அவசரப்பட்டிருந்தால் ஐந்து லட்சத்தை யாரிடம் கொடுப்பது?

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளக்கூட ரொம்ப காலம் கணக்கு இல்லை. 2008-ல் ஆம்னஸ்டி அமைப்பும் நம் தமிழ்நாடு-புதுச்சேரி பி.யு.சி.எல். அமைப்பும் சேர்ந்து 1950 முதல் 2006 வரையிலான உச்ச நீதிமன்றத் தூக்குத் தீர்ப்புகளை எல்லாம் படித்து ஓர் அறிக்கை போட்டார்கள். அறிக்கையின் பெயரிலேயே லாட்டரி என்று வைத்தார்கள். எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதில் உயிர் நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. 2016-ல் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நாடு முழுக்கத் தூக்குக் கைதிகளைத் தேடியது. 385 பேர் என்று கணக்கு வந்தது, 373 பேர் ஆய்வில் பங்கேற்றார்கள். நான்கில் மூன்று பங்குப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். கோடீஸ்வரன் தூக்குமேடை ஏறியதாக நான் படித்ததில்லை.

கடைசியாக ஒரு வழக்கு. இது சமீபத்தியது. 'தி வயர்' இணையதளத்தின் செய்தியாளர் சுகன்யா சாந்தா. 2020 டிசம்பரில் அவர் எழுதிய கட்டுரை, சிறைகளுக்குள் சாதி எப்படிச் சட்டமாகவே இருக்கிறது என்பதைப் பற்றியது. வாய்மொழி வழக்கம் இல்லை, அச்சடித்த சிறை விதிப் புத்தகத்தில்! ராஜஸ்தான் விதியில் சமையலுக்கு உயர்சாதிக்காரன், மலம் அள்ள இன்ன சாதிக்காரன் என்று அப்படியே எழுதியிருந்தது. இதைப் படித்த ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது, அரசு விதியை மாற்றியது. மற்ற மாநிலங்கள்? கட்டுரை எழுதியவரே உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர் ஆனார். சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிப் பிறகு ஒடிசா தலைமை நீதிபதியாகவும் இருந்த எஸ். முரளிதர் அவருக்காக வாதாடினார். நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் மனுவில் இருந்தது, வெவ்வேறு சாதிக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கிறார்கள் என்று. படிக்கும்போது நமக்குத் தலை குனிகிறது, திருநெல்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2024 அக்டோபர் 3-ல் தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 1981-ல் பிரபா தத்துக்குச் சிறைக் கதவைத் திறந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். இரண்டு வழக்கிலும் மனுதாரர் ஒரு பெண் நிருபர். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த ஒற்றுமையைக் கவனித்தால் நன்றாக இருக்கும்.

சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள், சாதி பார்த்துப் பிரித்து அடைக்கும் விதிகள் எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தீண்டாமை ஒழிப்பு சொல்லும் 17-வது பிரிவையும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-வது பிரிவையும் சேர்த்தே சொன்னது. எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும். சிறைப் பதிவேடுகளில் கைதியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும்.

நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்றும் விசாரணைக் கைதிகள்தான். 2022-ஆம் வருட அரசுக் கணக்கு 75.8 சதவீதம். ருஸ்தம்ஜி எழுதி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நம் பள்ளியில் படித்தவர்களில் இரண்டு பேர் சிறைத்துறையில் இருக்கிறீர்கள், ஒருவர் வேலூரில், ஒருவர் கோவையில். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் பதிவேட்டில் அந்தச் சாதிக் கட்டம் எடுக்கப்பட்டுவிட்டதா? பொதுவில் எழுத முடியாவிட்டால் எனக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்.